ஆர் சமைச்சது

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அருமைநாயகி அந்தக் குசினிக்குள் நுழையும்போது பெட்டிகள் எல்லாம் வந்து இறங்கியிருக்கும். சுப்பர்மார்க்கெட்டுகள் இனி விற்க முடியாதென்று கொடுத்துவிட்டவை. நசிந்த தக்காளி, நுனி வாடிய லீக்ஸ், இலை மஞ்சளடித்த பூக்கோவா, அன்றோடு திகதி முடிகிற அரைத்த இறைச்சி, முதல்நாள் பாண். ஒரு கிழமை பெட்டி பெட்டியாக மாம்பழம் வரும். இன்னொரு கிழமை முப்பது கிலோ செலரிக் கிழங்கைத் தவிர வேறொன்றும் இராது. வந்ததை வைத்துத்தான் சமையல். ஐந்தரைக்குக் கதவு திறக்கிறபோது எண்பது பேருக்குச் சுடச்சுட இருக்க வேண்டும். சாப்பிட வருகிறவர்களிடம் காசு வாங்குவதில்லை, பெயரும் கேட்பதில்லை.

டேனிஷ் நகரமான வைலேயில், ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு பழைய மண்டபத்தில் இருந்தது அந்தக் குசினி. அதை நடத்துகிற பிர்கித்த, ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். பன்னிரண்டு பேர் முறைவைத்து வந்து வேலை செய்தார்கள். அருமைநாயகி கிரின்ஸ்டெட்டிலிருந்து வந்தாள். காலை ஏழு மணி தொடக்கம் இரண்டு மணிவரை வயோதிபர் இல்லத்தில் நின்றுவிட்டு, முக்கால் மணித்தியாலம் கார் ஓடி வருவாள். இவ்வளவு தூரம் ஏன் வருகிறாய் என்று பிர்கித்த முதல்நாள் கேட்டாள். சமைக்கப் பிடிக்கும் என்று மட்டும் சொன்னாள் அருமைநாயகி. குசினிக்குள் செய்கிற வேலை மட்டும் தரும்படி கேட்டுக்கொண்டாள். பரிமாற வரமாட்டேன், வெட்டுகிறேன், கிண்டுகிறேன், சட்டி கழுவுகிறேன் என்றாள். அப்படி ஒருத்தி கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

அவளுடைய மகன் சுஜன் அங்கே சாப்பிட வருகிறான். அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

சுஜனுக்கு இருபத்தாறு வயது. ஓகூஸ் நகரில் எஞ்சினியரிங் படித்தவன். மூன்றாம் வருடம் பாதியில் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். களைப்பாக இருக்கிறது என்றான். இரண்டு மாதம் கழித்து, கோப்பையில் போட்ட சோற்றைக் கரண்டியால் கிளறிப் பார்க்கத் தொடங்கினான். இதற்குள் என்ன போட்டாய் என்று டேனிஷில் கேட்டான். உப்பும் தூளும்தான் ராசா என்றாள். பிறகு அவள் சமைக்கும்போது பின்னால் வந்து நின்று கையைப் பார்த்தான். பிறகு மூடி உடைக்காத தயிரும் தகரத்தில் அடைத்த மீனும் மட்டும் சாப்பிட்டான். கன்னம் ஒட்டி, காற்சட்டை இடுப்பில் நிற்காமல் போனது. ஒருநாள் மேசையில் இருந்த புட்டைத் தட்டிவிட்டு, "நீ என்னுடைய அம்மா இல்லை. அம்மாவின் முகத்தை வைத்திருக்கிறாய்" என்றான். அவன் பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தான். அவன் தன்னைப் பார்த்து நடுங்குவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இரண்டுமுறை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இரண்டாம் முறை எப்போது விட்டார்கள் என்பதுகூடப் பெற்றோருக்குத் தெரியாது. போன் எடுத்தால், பதினெட்டு வயது தாண்டியவர், அவருடைய அனுமதி இல்லாமல் இங்கே இருக்கிறாரா இல்லையா என்றும் சொல்ல முடியாது என்றார்கள். மார்ச் மாதத்திலிருந்து அவன் எங்கே என்று தெரியாமல் இருந்தது. ஓகஸ்டில் வைலேயிலுள்ள ஒரு தமிழர், சொல்லவா விடவா என்று இழுத்து இழுத்து அவளுடைய கணவன் குலேந்திரனிடம் சொன்னார். வீடில்லாதவர்கள் தங்கும் விடுதியில் இருக்கிறான் போல, வியாழக்கிழமைகளில் ஒரு மண்டபத்து வாசலில் இலவசச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கக் கண்டேன் என்று.

செப்டம்பர் முதல் வியாழன் அருமைநாயகி அங்கே வேலைக்குச் சேர்ந்தாள்.

குசினிக் கதவில் உள்ளங்கையளவு கண்ணாடி இருந்தது. அதற்குள்ளால் பார்த்தால் கடைசி மேசை தெரியும். அவன் அங்கேதான் இருப்பான், வெளிவாசலுக்குப் பக்கத்தில், சாம்பல் தொப்பியைக் கழற்றாமல். முதல்நாள் அவன் உருளைக்கிழங்கு மசியலையும் இறைச்சி உருண்டையையும் வழித்துச் சாப்பிட்டதைக் கண்டபோது அவள் கழுவுகிற இடத்துக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவள் சமைத்ததை அவன் சாப்பிடுகிறான்.

அன்றிலிருந்து அவள் தன் கையை மறைக்கப் பழகினாள். கறித்தூள் போடுவதில்லை. உள்ளிப்பூண்டு தாளிப்பதில்லை. வெங்காயத்தைத் தான் வெட்டுகிற மாதிரி மெல்லிசாக வெட்டாமல், இங்கத்தைய ஆட்களைப்போலக் கட்டை கட்டையாக வெட்டினாள். உப்பைத் தனக்குச் சரியென்று படுகிற அளவைவிடக் குறைத்தே போட்டாள். "உங்கள் நாட்டுக் கறி ஒருநாள் வையுங்களேன்" என்று பிர்கித்த கேட்டபோது, தனக்கு அது சரியாக வராது என்றாள்.

குலேந்திரன் தொழிற்சாலையில் முற்பகல் முறை முடிந்து அவளோடு கூடவே வருவார். உள்ளே வரமாட்டார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் காரை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே இருப்பார். ஐந்தரைக்கு மகன் போவதையும் ஆறரைக்கு வெளியே வருவதையும் பார்ப்பார். திரும்பிப் போகும்போது அவள், "இண்டைக்கு ரெண்டுதரம் வாங்கினவன்" என்பாள். அவர், "நடையில ஒரு தெம்பு இருந்தது" என்பார். அவ்வளவுதான் கதை. கிழமை முழுவதற்கும் அது போதுமாயிருந்தது.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு வியாழன், கரட் சீவிக்கொண்டிருந்தபோது சுசீலா அந்தக் கதையை எடுத்தாள். சுசீலா கோயம்புத்தூர்க்காரி. கணவனுடைய ஐடி வேலைக்காக வைலே வந்தவள், தனக்கு வேலை கிடைக்கும்வரை வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இங்கே வந்து பரிமாறினாள்.

"அக்கா, நம்மாளு ஒருத்தர் வர்றாரே, பாத்திருக்கீங்களா? உயரமா, தொப்பி போட்டுட்டு, கதவோரமா உக்காருவாரு."

"நான் வெளியில போறேல்லையே தங்கச்சி."

"போன வாரம் பேச்சுக் குடுத்தேன். தமிழான்னு கேட்டா தலைய மட்டும் ஆட்டினாரு. அப்புறம் இங்கிலீஷ்ல, ஸ்ரீலங்கான்னாரு. எப்பவும் ஒரே கேள்விதான் கேப்பாரு, இன்னிக்கு யார் சமைச்சதுன்னு. நாங்க எல்லாரும்தாங்கன்னு சொல்லுவேன். பிர்கித்தயைப் பாத்துட்டு அப்புறம்தான் சாப்பிடுவாரு."

"ம்."

"அம்மா அப்பா இங்கதான் இருக்காங்களான்னு கேட்டேன் அக்கா. கேட்டிருக்கக் கூடாது. ரெண்டு பேருமே அங்க நடந்த சண்டையில செத்துட்டாங்களாம். எவ்வளவு சாதாரணமா சொல்றாரு தெரியுமா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு."

அருமைநாயகியின் கத்தி நின்றது.

"எப்ப செத்தவையாம்?"

"அதெல்லாம் எப்படிக்கா கேக்கறது?"

அருமைநாயகி மிச்சக் கரட்டையும் சீவினாள். பெரிய சட்டியில் தண்ணீர் கொதித்தது. கிழங்கைக் கொட்டினாள். மூடியைப் போட்டாள்.

திரும்பிப் போகும் வழியில், மழைக்குள், அதைக் குலேந்திரனிடம் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்தாள்.

அவர் வேகத்தைக் குறைத்து, ஒரு பஸ் தரிப்பில் காரை நிறுத்தினார்.

"எங்களைச் சாகடிச்சுப் போட்டானோ?"

"அவனில்லையப்பா. அவன்ர நோய் கதைக்குது."

"சண்டையிலயாம். அந்தச் சண்டை ஒண்டும் பிள்ளையளுக்குத் தெரியக்கூடாதெண்டுதானே இஞ்ச வந்து கிடக்கிறம். அவன் ஒரு வெடிச்சத்தம் கேட்டறியான். வருசப்பிறப்பு வாணத்துக்கே காதைப் பொத்தினவன்." ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். "நீராவது உள்ளுக்க நிண்டு பாக்கிறீர். நான் கண்ணாடிக்குள்ளால அவன்ர முதுகைத்தான் பாக்கிறன்."

"கொஞ்சம் பொறுங்கோ. சாப்பிட்டு உடம்பு தேறட்டும். தேறினால் மருந்தை எடுப்பான். மருந்தை எடுத்தால் எங்களைத் தெரியும்."

"அதுவரைக்கும் நாங்கள் செத்த ஆக்களோ?"

வைப்பர் போய்ப்போய் வந்தது.

அடுத்த கிழமை குலேந்திரன் ஒரு சோடி சப்பாத்து வாங்கினார். உள்ளே கம்பளி வைத்த குளிர்காலச் சப்பாத்து, நாற்பத்துமூன்றாம் அளவு. மகன் துணிச் சப்பாத்தோடு மழைக்குள் நடப்பதை மூன்று கிழமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்து வாசலில் ஒரு மேசை உண்டு. உடுப்பு, குளிர்ச்சட்டை, சப்பாத்து, யாரும் கொண்டுவந்து வைக்கலாம், தேவையானவர் எடுக்கலாம். அருமைநாயகி மூன்று மணிக்கே அதைக் கொண்டுபோய் அந்த மேசையில் வைத்தாள். வரிசையில் முதலாவதாக நின்ற, தாடி வைத்த கிழவர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கடுத்த வியாழன் பனியும் மழையும் கலந்து கொட்டியது. நாலு மணிக்கே இருட்டிவிட்டது. ஐந்தரைக்கு, காருக்குள் இருந்த குலேந்திரன் இரண்டு பேரையும் கண்டார். தாடிக்காரர் புதுச் சப்பாத்தோடு வந்தார். பின்னால் சுஜன், நனைந்து தொப்பலான துணிச் சப்பாத்தோடு வந்தான். ஒரு காலில் அடி கழன்று, நடக்கும்போது டப்டப்பென்று அடித்தது.

உள்ளே அருமைநாயகி குழம்பை வாளியில் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தாள். சுஜன் சாப்பிடத் தொடங்கியிருந்தான். அவனுக்குப் பின்னால் வெளிக்கதவு திறந்தது. குலேந்திரன் தலையிலிருந்து தண்ணீர் ஒழுக நின்றார்.

"தம்பி."

சுஜன் திரும்பினான்.

"சுஜன். அப்பாவடா."

அவன் கரண்டியை வைத்துவிட்டு எழும்பினான். பரிமாறிக்கொண்டிருந்த பிர்கித்தயைப் பார்த்து டேனிஷில், "இந்த மனிதர் யார்? எனக்கு இவரைத் தெரியாது" என்றான்.

"உனக்கு வாங்கின சப்பாத்தை அந்தாள் போட்டிருக்குது. பரவாயில்லை. வேற வாங்கித் தாறன். வாடா, ஏழு மணிக்கிடையில போனால் கடை திறந்திருக்கும். வீட்டை வரச் சொல்லேல்லை ராசா. சப்பாத்துக் கடைக்கு மட்டும் வா. வாங்கிப் போட்டு உன்னை இதிலையே கொண்டுவந்து விடுறன்."

"என்னைத் தொடாதே."

"தொடேல்லை, தொடேல்லை." ஆனால் கை போய்விட்டது. அவனுடைய சட்டைக் கையைப் பிடித்தார். சுஜன் கத்தினான். சனம் எழும்பியது, ஒரு கதிரை விழுந்தது. பிர்கித்த ஓடிவந்தாள்.

அருமைநாயகி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தான் வந்ததே அவளுக்குத் தெரியாது.

"விடுங்கோ! அவனை விடுங்கோப்பா! பயப்பிடுறான், தெரியேல்லையோ!"

குலேந்திரன் விட்டார். சுஜன் அவளைப் பார்த்தான். இடுப்பில் ஏப்ரன், தலையில் வலைத்தொப்பி, கையில் குழம்பு வடிகிற அகப்பை. அகப்பையைப் பார்த்தான். பிறகு தன் கோப்பையைப் பார்த்தான். பாதி சாப்பிட்டிருந்தது.

"எத்தினை நாளா?" என்று கேட்டான். தமிழில் கேட்டான். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவனுடைய வாயிலிருந்து வந்த முதல் தமிழ் அதுதான்.

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் முதல்நாள் என்று சொல்லியிருக்கலாம். அவனுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டு அவளுக்கு அது வரவில்லை.

"பன்னிரண்டு கிழமை ராசா. ஒண்டும் கலக்கேல்லை. அம்மா ஒண்டுமே..."

அவன் நின்று கேட்கவில்லை. வெளியே ஓடினான். சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் குனிந்து, தொண்டைக்குள் விரலை விட்டுச் சத்தி எடுப்பதை யன்னலால் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு அவன் இருட்டுக்குள் போனான். தொப்பி மேசைக்கடியில் விழுந்து கிடந்தது.

சுசீலா அருமைநாயகியின் தோளைப் பிடித்தாள். "ஐயோ, உங்க பையனாக்கா? என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் வேற அன்னிக்கு வாய விட்டுட்டு..." என்று அழுதாள். அருமைநாயகி அழவில்லை. அவனுடைய கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எல்லாம் ஒதுக்கிய பிறகு பிர்கித்த குசினிக்குள் இரண்டு கதிரை இழுத்துப்போட்டாள். குலேந்திரன் சுவரோடு நின்றார்.

"முதலே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும், அருமை."

"சொன்னால் விட்டிருப்பீர்களா?"

"விட்டிருக்க மாட்டேன்." பிர்கித்த தன் கைகளைப் பார்த்தாள். "இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவன் பயந்தது, தனக்குத் தெரியாமல் யாரோ ஒளிந்திருந்து தன் சாப்பாட்டைச் செய்கிறார்கள் என்று. அது உண்மையாகிவிட்டது. இனி எந்த டாக்டர் வந்து அப்படி இல்லை என்றாலும் அவன் எப்படி நம்புவான்?"

அருமைநாயகி தலையிலிருந்த வலைத்தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"பிழை என்னில்," என்றார் குலேந்திரன் டேனிஷில். "நான் உள்ளே வந்திராவிட்டால் அவன் சாப்பிட்டிருப்பான்."

"இரண்டு பேரும் இனி வரவேண்டாம்," என்றாள் பிர்கித்த. "கோபத்தில் சொல்லவில்லை. அவன் திரும்பி வந்தால் நீங்கள் இங்கே இல்லை என்று என்னால் நேரே பார்த்துச் சொல்ல முடிய வேண்டும்."

அடுத்த வியாழன் அவன் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. சுசீலா ஒவ்வொரு முறையும் போன் எடுத்துச் சொன்னாள். விடுதியில் விசாரித்தால், சொல்ல முடியாது என்றார்கள். குலேந்திரன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். கோப்பைக்கு முன்னால் இருந்து சோற்றைப் பிசைந்துவிட்டு, "அவன் எங்க என்னத்தைத் திண்டானோ" என்று எழும்பிவிடுவார். தேத்தண்ணீரில் உயிர் ஓடியது. தொழிற்சாலையில் ஒருநாள் தலைசுற்றி இருந்துவிட்டார் என்று கூட வேலைசெய்கிறவர்கள் கொண்டுவந்து விட்டார்கள்.

டிசம்பர் நடுவில், ஒரு வியாழன் காலை, அருமைநாயகி லீவு எடுத்துக்கொண்டு சமைத்தாள். மாட்டிறைச்சியும் கிழங்கும் போட்ட, தூள் இல்லாத, இங்கத்தைய குழம்பு. சட்டியைத் துவாயால் சுற்றிக் காரில் வைத்துக்கொண்டு வைலேக்குப் போனாள். மண்டபத்துக்குப் போகவில்லை. சுசீலாவின் பிளாட் வாசலில் போய் நின்றாள்.

"உள்ள வாங்கக்கா. என்னக்கா இது?"

"இதைக் கொண்டுபோய் அங்கத்தைய சட்டியோட சேர்த்துவிடுங்கோ தங்கச்சி. இண்டைக்கு வந்தாலும் வருவான். ஆருக்கும் தெரியத் தேவையில்லை."

சுசீலா சட்டியை வாங்கவில்லை.

"அவர் வந்தா முதல்ல கேக்கறது, யார் சமைச்சதுன்னுதான். நான் என்னக்கா சொல்லட்டும்?"

"நீங்கள் சமைச்சதெண்டு சொல்லுங்கோ."

"பொய்தானே அது."

"பிள்ளை பசியில கிடக்கிறான். பொய்யென்ன, மெய்யென்ன?"

"அக்கா, அவர் மறுபடி ஒரு தடவ கண்டுபிடிச்சாருன்னா, அப்புறம் எங்க கையாலயும் சாப்பிட மாட்டாரு. வேற எங்க போவாரு?"

"நான் அவன்ர தாய்."

"தெரியும்க்கா. அதனாலதான் சொல்றேன்." சுசீலா கதவை இன்னும் அகலத் திறந்தாள். "ஒண்ணு பண்ணலாம். நீங்க சொல்லுங்க, அவருக்கு என்ன பிடிக்கும், எப்படிப் பிடிக்கும்னு. நான் அதே மாதிரி என் கையாலயே செய்யறேன். அது பொய்யில்லையே."

அருமைநாயகி சட்டியைக் கீழே வைத்தாள். சொல்ல வாயெடுத்தாள். இறைச்சியை நல்லாய் அவிய விட வேண்டும், கிழங்கை உடையாமல்... பாதியில் நிறுத்தினாள். குனிந்து சட்டியில் சுற்றிய துவாயை இறுக்கிக் கட்டினாள்.

"வேண்டாம் தங்கச்சி. நான் சொல்லித் தந்தால் அதுவும் என்ர கைதான். நீங்கள் உங்கட பாட்டில சமையுங்கோ. அவனுக்குப் பிடிக்காட்டிலும் பரவாயில்லை. பயமில்லாமல் திங்கட்டும்."

சட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வீட்டுக்கு வந்தும் துவாயை அவிழ்க்க மனம் வரவில்லை. மூன்றாம் நாள் அதைக் குப்பையில் கொட்டினாள். இத்தனை கிழமை மற்றவர்கள் எறிய இருந்ததையெல்லாம் எடுத்துச் சமைத்தவள், தன் குழம்பை அப்படியே கொட்டினாள்.

நத்தார் போனது. வருசம் பிறந்தது. சுசீலாவுடைய போன் வந்துகொண்டிருந்தது. இல்லக்கா, இன்னிக்கும் இல்லக்கா. ஜனவரியில் கடற்குடாவும் கரையோரம் உறைந்திருக்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். வெளியில் படுக்கிறவர்களைப் பற்றியும் சொன்னார்கள். குலேந்திரன் எழும்பிப் போய் டீவியை நிறுத்தினார். வேலைக்குப் போனார்கள், வந்தார்கள். ஓர் இரவுகூட அவள் முழுதாக நித்திரை கொள்ளவில்லை.

ஜனவரி கடைசி வியாழன், மாலை ஏழு மணிக்குப் போன் அடித்தது. குசினிச் சத்தம் பின்னால் கேட்டது.

"அக்கா, வந்துட்டாரு."

அருமைநாயகி போனைக் காதோடு அழுத்தினாள்.

"ரொம்ப மெலிஞ்சிருக்காரு. தாடி வளந்திருக்கு. கால்ல யாரோ குடுத்த பூட்ஸ் போட்டிருக்காரு. முதல்ல வாசல்லயே நின்னாரு. பிர்கித்த போய், அவங்க ரெண்டு பேரும் இங்க இல்ல, வர்றதும் இல்ல, வேணும்னா கிச்சனைப் பாருன்னு கூட்டிட்டுப் போனாங்க. ஒவ்வொரு கதவா திறந்து பாத்தாரு. ஸ்டோர் ரூம்கூட. அப்புறம் என்கிட்ட வந்து, யார் சமைச்சதுன்னு கேட்டாரு."

"நீங்கள்?"

"நான்தான்னு சொன்னேன். இன்னிக்கு நான் மட்டும்தான்க்கா சமைச்சேன். என் கண்ணையே பாத்துட்டு நின்னாரு. நானும் பாத்தேன். அப்புறம் உக்காந்தாரு."

"திண்டவனோ?"

"ரெண்டு தடவ வாங்கினாரு. பிரெட்டும் ரெண்டு கையிலயும் எடுத்துட்டுப் போனாரு."

என்ன சமைத்தாய் என்று கேட்க நா துடித்தது. கேட்கவில்லை. "நல்லாயிருங்கோ தங்கச்சி" என்று மட்டும் சொன்னாள். போன் நின்ற பிறகும் அதைக் காதில் வைத்திருந்தாள்.

குலேந்திரன் அறைவாசலில் நின்றார். எல்லாம் கேட்டிருந்தார்.

"எங்களைப் பற்றி ஏதும் கேட்டவனாமோ?"

"நாங்கள் அங்க இல்லையோ எண்டு பாத்தவனாம்."

அவர் தலையை ஆட்டினார். கதிரையை இழுத்து மேசையில் இருந்தார். அவள் எழும்பிச் சோற்றையும் பருப்பையும் சூடாக்கினாள். அவருக்கு முன்னால் கோப்பையை வைத்தாள். தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டு எதிரே இருந்தாள்.

"பிள்ளை திண்டுட்டான். நீங்களும் தின்னுங்கோ."